வெறும் வயிற்றில் வந்த ஸ்டெல்லா அக்கா

இன்று காலை ராயபுரத்தில், எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவோடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கிளம்பி, இரண்டு முறை வாசலோடு திரும்பியவர் அவர்.

ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக் கிரேன்களும் ஒரு கப்பலும் பனியில் மிதந்தன. அக்கா என் தோளில் சாய்ந்தார்.

"கப்பல் பறக்குற மாதிரி கீதுடி."

"சாப்ட்டியாக்கா?"

"ராத்திரிலேர்ந்து பட்டினி. டெஸ்ட்டாச்சே!"

எங்கள் தெருவுக்குத் தெரிந்த ஒரே டெஸ்ட் சர்க்கரைதான்.

நர்ஸ் சிரித்துவிட்டார். "இதுக்கு இன்னாத்துக்கும்மா பட்டினி? கர்ப்பப்பை வாயில லேசா தொடச்சி எடுப்போம். நோவு முத்துறதுக்கு முந்தியே தெரிஞ்சுக்கத்தான்."

"அறுக்க மாட்டீங்களே?"

"அய்யோ, இல்லம்மா."

அக்கா எழுந்து வாசலைப் பார்த்தார். பிறகு பர்ஸை என் மடியில் போட்டார். "பன்னு வாங்கி வை. வந்துர்றேன்."

பன்னோடு வாங்கிய டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டார். "இவ்ளோதானா? இதுக்காடி பயந்துகினு கெடந்தேன்?"

ரிசல்ட் இனிமேல்தான் வரும்.

சர்க்கரைக்குப் பட்டினி கிடக்க ஊரே சொல்லித்தருகிறது. இதில் அறுக்க மாட்டார்கள் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல மட்டும் எல்லோருக்கும் வாய் கூசுகிறது.

எங்கள் தெருவுக்கு இனி ஸ்டெல்லா அக்கா சொல்லிவிடுவார், பன்னோடு சேர்த்து. உங்கள் தெருவில் யார்?