எட்டுத் தேயிலைப் பெட்டிகளும் ஓர் அசனமும்

போன ஞாயிற்றுக்கிழமை கேமரன் மலையில் ஒரு தேவாலயத்தில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு மட்டும் குளிர் என்றால் அதில் செய்தி ஒன்றுமில்லை. நான் கீழே இருந்து போனவன். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அல்லவா கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு பல்லைக் கிட்டித்துக்கொண்டிருந்தார்கள்!

அத்தனை பேருடைய கம்பளிகளும் பின்சுவர் ஓரமாக இருந்தன. எட்டுத் தேயிலைப் பெட்டிகளைப் போர்த்தியபடி.

பெட்டிகளுக்குள் என்ன? சோறு. நெருப்பு இல்லாமல் வெந்துகொண்டிருந்தது. அப்படித்தான் எல்லோரும் நம்பினார்கள் — ஒருவரைத் தவிர.

அறுப்புப் பண்டிகை அன்று அந்தச் சபையில் ஆராதனை முடிந்ததும் அசனம் உண்டு. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சபையார் மட்டுமல்ல, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் இருக்கும் இந்துக்களும் வருவார்கள். இருநூறு இலை விழும். என் பள்ளித் தோழன் தேவசகாயம் அந்தத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. சபைச் செயலாளரும் அவன்தான். அவன் அழைத்துத்தான் போயிருந்தேன்.

அசனத்துக்கு வருடா வருடம் ஒரு லாரி விறகு எரியும். தோட்டத்து விறகை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது கிராணியின் வேலை. ஆக, சபைக்காக விறகு கேட்பவனும் தேவசகாயம். தோட்டத்துக்காகக் கொடுப்பவனும் தேவசகாயம். இதைவிடச் சுலபமான விண்ணப்பம் உலகத்தில் உண்டா?

இந்த வருடம் மழை கெடுத்துவிட்டது. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டி விறகெடுக்கும் மலை தூரத்தில் இருக்கிறது. பாதை சரிந்து, வாரா வாரம் வந்த விறகு லாரி இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான் வந்தது. பண்டிகைக்கு முன் வந்த ஒரே லாரியைத் தேவசகாயம் வழக்கம்போல் தேவாலயத்துக்கு அனுப்பிவிட்டான்.

மறுநாள் காலை, பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், எல்லோர் முன்னிலும் ராக்கம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

ராக்கம்மா ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்ப்பவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப் போவார்கள். அவளுடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"கிராணியாரே, பிள்ள பெத்தவ குளிக்கச் சுடுதண்ணி வேணும். வீட்டுல ஒரு கட்டை இல்ல. ஒங்க கோயில்ல ஒரு நாள் விருந்து, எங்க லயன்ல ரெண்டு வாரம் அடுப்பு அணைஞ்சு கெடக்கணுமா? நல்ல பண்டிகை லா இது!"

"விருந்துக்கு நீயும்தானே வர்றே?" என்றிருக்கிறான் இவன்.

"வர்றேன். வர்றப்போ கொடத்தையும் எடுத்துட்டு வரேன். கொழம்பு அடுப்புல தண்ணி காய வச்சுக் குடுப்பீங்களா?"

பெரட்டுக் களமே சிரித்திருக்கிறது. தேவசகாயத்துக்குக் காது சிவந்துவிட்டதாம். அவனே சொன்னான்.

அன்று மாலை சபைக் கூட்டம். போதகர் இளைஞர், மலைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. "அந்தம்மா கேட்டது சரிதான். பக்கத்து வீட்டு அடுப்பை அணைச்சிட்டு நாம எதுக்கு நன்றி சொல்லப் போறோம்?" என்று கேட்டார். ஒருவர் தானா ராத்தா டவுனிலிருந்து கேஸ் அடுப்பு வரவழைக்கலாம் என்றார்; அதற்குச் சபையில் காசில்லை. இன்னொருவர் அசனத்தையே நிறுத்திவிடலாம் என்றார். விருந்தை நிறுத்தச் சபைக்கு மனமில்லை. விறகை எரிக்கப் போதகருக்கு மனமில்லை.

மறுநாள் போதகர் மன்னிப்புக் கேட்க ஆயாக் கொட்டகைக்குப் போனார். மணி பன்னிரண்டு இருக்கும். ராக்கம்மா பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி பறக்கும் கஞ்சி. அடுப்பைப் பார்த்தார்... சாம்பல் ஆறிக் கிடந்தது.

"எப்பம்மா காய்ச்சினீங்க?"

"காலைல ஆறு மணிக்கு, பாஸ்டரய்யா. ஒரு கொதி. அப்புறம் பெட்டிக்குள்ள வச்சு மூடிருவேன். அதுவா வெந்துக்கும்."

தேயிலை ஏற்றுமதியாகும் பலகைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஈயத்தாள் மாதிரி பளபளவென்று ஒட்டியிருக்கும். தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும்போது ஒதுங்கும் பஞ்சு போன்ற கழிவு ஒன்று உண்டு. அதைப் பெட்டிக்குள் திணித்து, நடுவில் பானையைப் புதைத்து, மேலே பழைய துணியைப் போட்டு அமுக்கிவிடுகிறாள். சூடு வெளியே போக வழியில்லை. கொட்டகைக்கு விறகு குறைவாகத்தான் கொடுப்பார்கள் என்பதால் அவளே கண்டுபிடித்த ஏற்பாடு. யார் குறைவாகக் கொடுப்பது? கிராணிதான்!

போதகர் அந்தப் பெட்டியை இரண்டு தடவை சுற்றி வந்தாராம்.

சபையும் ஒத்துக்கொண்டது. சோறு பெட்டியில் வேகும். கறிக்கும் பருப்புக்கும் மட்டும் அடுப்பு. லாரி விறகில் கால் பங்கு போதும். மீதி முக்கால் பங்கு லயனுக்குத் திரும்பிவிடும். ஆனால் செயலாளருக்குள் இருந்த கிராணி விழித்துக்கொண்டு ஒரு நிபந்தனை போட்டான். சோறு வேகும்வரை மீதி விறகு சமையல் கொட்டகையிலேயே இருக்க வேண்டும். வேகாவிட்டால்? இருநூறு பேரைப் பட்டினி போட முடியாது. அந்த விறகில் மறுபடியும் உலை வைப்பார்கள்.

அதாவது, ராக்கம்மாவின் தங்கைக்கு வெந்நீரா இல்லையா என்பது எட்டுப் பானைகளின் கையில்.

சமையல்காரர் ஞானமுத்துவுக்கு இதில் ஒரு பாகமும் பிடிக்கவில்லை. பல வருடமாக அசனத்துக்கு அவர் கைதான். "அண்டாவுல ஆக்குன கைய்யா இது. சட்டியில ஆக்கச் சொல்றீங்க. சரி. வடிக்காத சோத்த சோறுன்னு சொல்லச் சொல்றீங்க. அதயும் யாரு சொல்றா? பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சுறவ!"

"ஞானமுத்தண்ணே, எங்கிட்டக் கஞ்சி குடிச்சுத்தான் ஒங்க மூணு மகனும் வளந்தானுங்க" என்றாள் ராக்கம்மா. 

விடிந்தும் விடியாத நேரத்தில் எட்டுப் பானைகளும் வரிசையாக ஒரு கொதி கண்டன. பெட்டிக்குள் இறங்கின. தேயிலைப் பஞ்சு ஐந்து பெட்டிக்குத்தான் காணும் என்று அப்போதுதான் தெரிந்தது. ராக்கம்மா அசரவில்லை. தேவாலய வாசலில் நின்றுகொண்டாள்.

"உள்ள போறவங்க கம்பளிய இங்க குடுத்துட்டுப் போங்க! வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி திரும்பக் கிடைக்கும்!"

கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். மூடுபனி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. பீடத்தைச் சுற்றி, திரிங்காப் காய்கறித் தோட்டங்களிலிருந்து வந்த முட்டைக்கோசும் கேரட்டும் குவிந்திருந்தன. சபை உரக்கப் பாடியது. பக்தியில் பாதி, குளிரில் பாதி.

ராக்கம்மா நெற்றி நிறையத் திருநீற்றோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பெட்டிகளைக் காவல் காத்தாள். பக்கத்தில் ஞானமுத்து. மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"சோத்து வாசனையே வரலியே, தங்கச்சி..."

"வந்தாத்தாண்ணே கவலைப்படணும். சூடு வெளிய போகுதுன்னு அர்த்தம்."

"ஒரே ஒரு தடவ தொறந்து, ஒரு பருக்கைய நசுக்கிப் பாத்துடறேனே..."

"தொறந்தா அம்புட்டும் போச்சு. பேசாம சாமி கும்பிடுங்க."

போதகர், "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார். சபை முழுக்கக் கண்களை மூடியது. இரண்டு பேர் மூடவில்லை. ஒருவன் நான், பத்திரிகைக்காரனின் தொழில் பழக்கம். அதனால்தான் அந்தக் காட்சியைப் பார்க்க முடிந்தது. ஞானமுத்துவின் வலது கை மெல்ல, மிக மெல்ல, முதல் பெட்டியின் கம்பளியை நோக்கி நகர்ந்தது. படீரென்று ஓர் அடி! மூடாத இன்னொரு ஜோடிக் கண் ராக்கம்மாவுடையது.

சத்தம் பீடம்வரை கேட்டது. போதகர் ஒரு நொடி நிறுத்தி, ஜெபத்தைத் தொடர்ந்தார். அன்றைய பிரசங்கம் வழக்கத்தில் பாதிதான் என்றான் தேவசகாயம். அவருக்கும் பயம் இருக்காதா?

ஆராதனை முடிந்தது. யாரும் வீட்டுப் பக்கம் நகரவில்லை. எல்லோரும் பெட்டிகளைச் சூழ்ந்துகொண்டார்கள். ராக்கம்மா முதல் கம்பளியை உருவினாள். மூடியைத் தூக்கினாள்.

ஆவி! முன்னால் நின்ற போதகரின் மூக்குக் கண்ணாடி மறைந்துபோனது. ஞானமுத்து ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கினார். இன்னொன்று எடுத்தார். வாயில் போட்டார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது.

"வெந்திருக்கு" என்றார். அதைச் சொல்வதற்கு அவர் பட்ட பாடு!

கைத்தட்டல். தேவாலயத்துக்குள் அப்படித் தட்டலாமா என்று யாரும் யோசிக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது... ஏழுவரை உதிரி உதிரியாக மல்லிகைப்பூ மாதிரி சோறு. எட்டாவது பானையில் மட்டும் கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. குழைந்த கூழ்.

ராக்கம்மா சமையல்காரரைப் பார்த்தாள். "அண்ணே... எத்தன செம்பு தண்ணி ஊத்துனீங்க?"

"ஒரு செம்புதான் கூட. கை சும்மா இருக்கல தங்கச்சி. பழக்கம்."

வடிக்கும் சோற்றுக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றிப் பழகிய கை, அளந்து ஊற்றச் சொன்னால் கேட்குமா? கை தேர்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. ஆனால் அவர் சளைக்கவில்லை. காணிக்கையாக வந்த தேங்காய்களில் நான்கைக் கேட்டு வாங்கினார். பால் பிழிந்து, சீனி போட்டு, அடங்கிக்கொண்டிருந்த கறி அடுப்புத் தணலிலேயே அந்தப் பானையைச் சர்க்கரைப் பொங்கலாக்கிவிட்டார். பந்தியில் முதலில் தீர்ந்தது அதுதான். அடுத்த வருடம் பொங்கலையும் சேர்த்துவிட வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. ஞானமுத்துவோ எல்லாம் திட்டமிட்டுச் செய்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

தேவசகாயம் கை கழுவியதும் லாரியை வரவழைத்தான். அடுக்கியிருந்த விறகை இளைஞர் சங்கம் ஏற்றியது. எந்த வீட்டுக்கு முதலில் என்று யாரும் கேட்கவில்லை. லாரி நேராக லயனின் கடைசி வீட்டு முன்னால் போய் நின்றது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கூரைமேல் புகை எழுந்தது. ராக்கம்மா என் கம்பளியை உதறி என் தோளில் போட்டாள். "வரேங்கய்யா. தங்கச்சி குளிக்கணும்" என்று வேகமாக நடந்தாள்.

எண்ணெய் விலை ஏறிய நாளிலிருந்து எரிபொருள் சிக்கனம் பற்றி எத்தனையோ கூட்டங்களுக்குப் போய்ச் செய்தி எழுதியிருக்கிறேன். கூட்டம் கலைந்தபின் ஒரு வீட்டிலாவது வெந்நீர் கொதித்தது என்றால் — நான் பார்த்தவரை — அது இங்கேதான்.