வெள்ளிக்கிழமைக் கடைசி பீரியட்

நேற்று பொத்தேரி ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சின்னப் பையன் என் புடவையில் மாம்பழ ஜூஸைக் கொட்டிவிட்டான். "ஆன்ட்டிக்கு சாரி சொல்லு" என்று அவன் அம்மா தோளைத் தட்டினாள். "சாரி" என்றான். அந்தச் சொல் முடிவதற்குள் அவன் கண் ரயிலுக்குப் போய்விட்டது. எனக்குக் கோபமெல்லாம் இல்லை, புடவையும் அப்படியொன்றும் உசத்தி இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து கறையை அலசிக்கொண்டிருக்கும்போது, கயிற்றில் தொங்கிய வேறு இரண்டு பழம்புடவைகள் நினைவுக்கு வந்துவிட்டன.

திருவிடந்தைக்குப் பக்கத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அப்போது நான் கணக்கு டீச்சராக இருந்தேன். முதல் வேலை. கருங்குழியிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் இறங்கும்போது என் தலை துடைப்பக்கட்டை மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நன்னெறி வகுப்பு. இருந்ததே ஒரு நீள ஹால்தான். குறுக்கே இரண்டு பழம்புடவைகளைக் கட்டி அதை மூன்றாகப் பிரித்திருந்தோம். ஒரு கோடியில் ஸ்டெல்லா டீச்சர் கிறிஸ்தவப் பிள்ளைகளோடு. மறுகோடியில் நூர்ஜஹான் டீச்சர் முஸ்லிம் பிள்ளைகளோடு. நடுவில் குப்பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான். நீதிக்கதை சொல்ல வேண்டியது என் பொறுப்பு. என்னிடமிருந்த கதைகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. அப்புறம் நாங்கள் சும்மா உட்கார்ந்து இரண்டு பக்கமும் காது கொடுத்தோம். உண்மையைச் சொன்னால், அந்த ஹாலில் அதிகம் கற்றுக்கொண்டவர்கள் நாங்கள்தான்.

ஸ்டெல்லா டீச்சர் சொல்லுவார்: "செஞ்சது தப்புன்னு மனசு நோவணும். வாயத் தொறந்து ஒத்துக்கணும். மறுபடி செய்யக் கூடாது. அப்புறம் ஆண்டவர் அத நினைச்சுக்கூடப் பாக்க மாட்டாரு."

நூர்ஜஹான் டீச்சர் அந்தப் பக்கமிருந்து: "தவ்பான்னா திரும்பி வர்றது. அல்லாவுக்குச் செஞ்ச தப்ப அல்லா மன்னிப்பான். ஆனா பக்கத்துல உக்காந்திருக்கற சலீமுக்குச் செஞ்ச தப்புக்கு மொதல்ல சலீம்கிட்ட போய் கேளு."

என் வகுப்பில் மல்லிகா என்றொரு பெண். மீன் விற்கும் அம்மாவின் வாய் அப்படியே அவளுக்கு. "ஸ்டெல்லா மிஸ் சாமிதான் ஈஸியா கீது டீச்சர்" என்றாள் என்னிடம். புடவைக்கு அப்பாலிருந்து ஸ்டெல்லா டீச்சரின் குரல் வந்தது: "ஈஸி இல்லடி. அடுத்தவங்கள நீ மன்னிக்காம, உனக்கு மட்டும் எப்படிக் கேப்ப?" மூன்று வகுப்பும் சிரித்தது.

ஸ்டெல்லா டீச்சரும் நூர்ஜஹான் டீச்சரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். ஸ்டெல்லா டீச்சருக்குக் கணவர் இல்லை. ஜெனி என்று ஒரே மகள், எங்கள் பள்ளியிலேயே இரண்டாம் வகுப்பு. நூர்ஜஹான் டீச்சரின் தம்பி ரபீக், மீனும் ஐஸும் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டினான். சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போக வரும்போதெல்லாம் ஜெனியை முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று காட்டுவான். அவன் சட்டையில் எப்போதும் ஐஸில் ஊறிய மரத்தூள் வாசனை.

அந்த வண்டிதான் ஜெனியை அடித்தது. ஒரு சனிக்கிழமைக் காலை, பால் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தபோது. ரபீக் ஓடவில்லை. அவனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஸ்டெல்லா டீச்சர் மறுபடி பள்ளிக்கு வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை பிள்ளைகளோடு ஜெபம் சொன்னார். தங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதாக வரும் வரியில் அவர் குரல் நின்றுவிட்டது. பிள்ளைகள் மட்டும் சொல்லி முடித்தார்கள். மறுகோடியிலும் சத்தமில்லை. மதியத்தில் இரண்டு டீச்சர்களும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். நான் நடுவில் உட்கார்ந்து விழுங்கினேன்.

மல்லிகாதான் ஒருநாள் புடவையை விலக்கிக்கொண்டு போய்க் கேட்டாள். "மிஸ், நீங்க ரபீக் அண்ணன மன்னிச்சிட்டீங்களா?"

ஸ்டெல்லா டீச்சர் அவளைத் திட்டவில்லை. "இன்னும் இல்லம்மா" என்றார். "மன்னிக்கணும்னு தெரியும். மனசு வரல. அத குடுன்னுதான் ஆண்டவர்கிட்ட தெனம் கேட்டுகினு கீறேன்."

அத்தனை காலம் அந்த ஹாலில் சொல்லிக்கொடுத்த எதையும்விட அதைத்தான் பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள்.

அடுத்த கோடை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு, நானும் ஸ்டெல்லா டீச்சரும் மட்டும் ஹாலில் இருந்தபோது நூர்ஜஹான் டீச்சர் வந்து நின்றார். "தம்பி வெளிய நின்னுகினு கீறான் ஸ்டெல்லா. ஒரு வார்த்த பேசணுமாம். வேணாம்னா அனுப்பிடறேன்."

"வரச் சொல்லு."

ரபீக் பாதியாய் இளைத்திருந்தான். நின்றபடியே சொன்னான்: "போன் அடிச்சுது டீச்சர். குனிஞ்சு பாத்தேன். அவ்ளோதான். வேற யார் மேலயும் தப்பு இல்ல."

ஸ்டெல்லா டீச்சர் மேசையிலிருந்த நோட்டுகளை அடுக்கினார், கலைத்து மறுபடி அடுக்கினார். பிறகு, "நான் மன்னிச்சிட்டேன் ரபீக்" என்றார்.

அவன் முகம் தெளியவில்லை. "நீங்க சொல்லிட்டீங்க டீச்சர். பாப்பா சொல்லணுமே."

நூர்ஜஹான் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகளுக்கு அவர் சொன்ன பாடம்தானே அது. ஸ்டெல்லா டீச்சர் எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றார். "அவகிட்ட நான் கேக்கறேன்பா. நீ போய் சாப்புடு."

அதற்குப் பிறகு தோழிகள் இருவரும் மறுபடி ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஆனால் பழைய பேச்சு திரும்பவில்லை. சாதத்தை மட்டும் பகிர்ந்துகொண்டார்கள். ரபீக் வண்டியை விற்றுவிட்டு ஐஸ் கம்பெனியில் பாரம் இறக்கப் போனான். வெள்ளிக்கிழமைகளில் அக்காவைக் கூட்டிப்போக வாசலில் வந்து நிற்பான். ஸ்டெல்லா டீச்சர் "சாப்டியா?" என்பார். தலையாட்டுவான். பாப்பா என்ன சொன்னாள் என்று அவனும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

நான் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்துவிட்டேன். ஸ்டெல்லா டீச்சர் கொரோனா காலத்தில் போய்ச் சேர்ந்தார். யாரும் போக முடியவில்லை. நூர்ஜஹான் டீச்சர் போனில் அழுதார். "ரபீக் கல்லறைத் தோட்டத்துக்கு வெளிய ரோட்டுலயே நின்னுட்டு வந்தான். இன்னா சொல்றான் தெரியுமா? பாப்பாகிட்ட எனக்காகக் கேட்டுகினு இருந்தவங்களும் போயிட்டாங்கக்கான்றான்."

நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நினைவில் நிற்கும்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். பள்ளிக்கூடம் இல்லை. அந்த மனையில் ஒரு ரிசார்ட் வந்திருக்கிறது. ஹால் இருந்த இடத்தில் நீச்சல் குளம். நூர்ஜஹான் டீச்சர் மகளோடு வாணியம்பாடிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். ஐஸ் கம்பெனி கேட்டில் ரபீக்கை விசாரித்தேன். உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வடக்கத்திப் பையன்கள். "யாரு?" என்று உடைந்த தமிழில் கேட்டார்கள். அவனை எப்படி அடையாளம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு காலத்தில் அந்த ஊரில் அவன் எதைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்று தெரிந்தவர்கள் ஒருவரும் அங்கே இல்லை.