நெல்லுக்குள் போன துண்டு

எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்லிக்கொள்ள நான் வெட்கப்பட்டதே இல்லை, பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சென்னைக்கு வெளியே வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வந்து இறங்கிய காலத்தில், டிப்ளமோ முடித்த கையோடு அவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து தரும் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் சேர்ந்தேன். எந்த மெஷின் யாருடைய விரலை எடுக்கும் என்று நாள் முழுக்க யோசிப்பது வேலை. கல்யாணமாகி, கணவர் துபாய்க்குப் போன பிறகு, மன்னார்குடிப் பக்கம் நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தேன். இனி நிம்மதியாகச் சோறு இறங்கும் என்று நினைத்தேன். எங்கே இறங்கியது? என் அண்ணன் அரிசி ஆலையில் தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்.

அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவர். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று வருஷா வருஷம் வானத்தையும் மேட்டூரையும் பார்த்துச் சலித்து, குத்தகை நிலத்தை விட்டுவிட்டு, ஊருக்கு வெளியே புதிதாக வந்த பெரிய ஆலையில் சேர்ந்து, தொட்டி ஆட்களுக்கு மேஸ்திரி ஆகியிருந்தார். தொட்டி என்றால் வீட்டுத் தொட்டி இல்லை. தென்னை மரத்தைவிட உயரமான இரும்புத் தொட்டி. மேலே நெல்லைக் கொட்டுவார்கள், கீழே ஷட்டரைத் திறந்தால் பெல்ட்டில் விழுந்து வேகவைக்கப் போகும். மழையில் வரும் குறுவை நெல் ஈரமாக இருந்தால் உள்ளே கட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒருவர் ஏணியில் ஏறி, மேல் துவாரம் வழியாக உள்ளே இறங்கி, நெல்மேல் நடந்து, மூங்கில் கழியால் குத்திவிட வேண்டும். கீழே பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடினால்தான் அடைப்பு விட்டது தெரியும் என்பார்கள்.

அடைப்பு விடும்போது காலுக்குக் கீழே இருக்கும் நெல்லும் சேர்ந்துதானே போகும்? இதைக் கேட்டதற்கு அண்ணன் சிரித்தார்.

"நெல்லுல பொறந்து நெல்லுல வளந்தவன் பாப்பா நான். சின்னப் புள்ளையில குதிருக்குள்ள எறங்கிக் குதிக்கலையா? அது நம்மள என்ன பண்ணிடும்?"

அதுதான் எங்கள் ஊர்க்காரர்களின் கோளாறு. வேறு ஊரில் வளர்ந்தவன் அந்த இரும்புத் தொட்டியை எட்டிப் பார்த்தாலே பயந்து பின்வாங்குவான். எங்கள் ஆட்களுக்கு அது வீட்டில் நெல் கொட்டிவைக்கும் குதிர்தான், கொஞ்சம் பெரிது. செருப்பைக் கழற்றிவிட்டு, நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூஜை அறைக்குள் போகிற மாதிரி இறங்குவார்கள்.

ஆலை முதலாளி வெளிநாட்டுக்கு அரிசி அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். வாங்குகிறவர்கள், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டார்களாம். நான் இந்த வேலை பார்த்தவள் என்று யாரோ சொல்லக் கூப்பிட்டனுப்பினார். "எதையாச்சும் ஒரு மணி நேரம் சொல்லிக் குடும்மா. போட்டோ எடுத்துக்குவோம்" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் அண்ணன் முகம் நினைவுக்கு வந்ததால் சரி என்று தலையாட்டினேன்.

சென்னையில் எப்படிச் செய்தேனோ அப்படியே செய்தேன். மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, படம் காட்டினேன். ஆண்கள் எல்லாரும் நெல் மூட்டைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் அண்ணன் வயது, அதற்கும் மேல். பிள்ளைகளை சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அனுப்பிவிட்டு இங்கே மூட்டை தூக்குகிறவர்கள். தானியத்தில் புதைந்துபோன ஒருவனை வெளியே எடுக்கும் படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, "இப்படித்தான் மூச்சு முட்டிச் செத்துப்போவீங்க" என்றேன். பயத்தை அப்படியே தூக்கி அவர்கள் மடியில் போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

ஒருவர் எழுந்து துண்டை உதறினார். "நெல்லுகிட்ட உக்காந்துக்கிட்டு இந்தப் பேச்சு வேணாம்மா" என்று மரியாதையாகத்தான் சொன்னார். அவர் பின்னால் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு எப்படி மறந்துபோயிற்று என்று தெரியவில்லை. களத்தில் நெல் குவிந்திருக்கும்போது எங்கள் வீட்டிலேயே 'இல்லை' என்ற சொல்லைக்கூடச் சொல்ல விட மாட்டார்கள். அன்று சாயங்காலம் தொட்டி வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். உடைத்தவர் என் அண்ணன். நான் பேசிய பேச்சுக்குத்தான் அந்தத் திருஷ்டி கழிப்பு. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு அவர் பேசவில்லை. எனக்கா, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போட்டோ மட்டும் நன்றாக வந்திருந்தது.

ஆலை இரைச்சல் எங்கள் வீடுவரை கேட்கும். அது ஓடும்போது யாராவது சைக்கிளை வேகமாக மிதித்து வந்தால் வாசலுக்குப் போக மாட்டேன். அடுப்படியிலேயே நின்று, மணி அடிக்கிறானா, தாண்டிப் போகிறானா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அண்ணி வந்து உட்கார்ந்தார். அண்ணியும் அதே ஆலையில் களத்தில் நெல் கூட்டுகிறவர். முகம் வெளுத்திருந்தது. அண்ணனோடு வேலை பார்க்கும் ஒருவர் காலையில் தொட்டிக்குள் இடுப்புவரை போய்விட்டாராம். கீழே மறுபடி தானாக அடைத்துக்கொண்டதால் நெல் நின்றுவிட்டது, பிழைத்தார்.

"மேல நின்னு பாத்துக்கிட்டிருந்தவரு கத்தலையா?"

"கத்தலை. ஏணியில எறங்கி வந்து பெல்ட் சுவிட்ச்சுகிட்ட இருந்தவரு காதுல சொல்லியிருக்காரு."

"காதுலயா? ஏன்?"

"நெல்லு மேல நின்னுக்கிட்டு, முழுகுறான் போறான்னு எப்படிடி வாயால கத்துறது? அந்த வார்த்தை வருமா ஒனக்கு?"

அந்த ஏணி எவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு உயரமும் ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டு இறங்கி வந்திருக்கிறார், கெட்ட சொல் நெல்லின் காதில் விழக் கூடாது என்று. அடுத்த முறை அந்த நெல்மேல் நிற்கப்போவது என் அண்ணன்.

முதலாளியிடம் போய் இன்னொரு தடவை பயிற்சி வைக்க வேண்டும் என்றேன். "அதான் போட்டோ எடுத்தாச்சேம்மா" என்றார். நான் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் தொல்லை விட்டால் போதும் என்று சரி சொன்னார்.

இந்த முறை கிடங்கு வேண்டாம், நெல் குவிந்திருக்கும் இடமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். உமிச்சாம்பல் கொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம் உண்டு. களத்தில் வேலை பார்க்கும் பெண்கள் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களை முதல் பயிற்சிக்கு யாரும் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது அவர்கள் இடத்துக்கே நாங்கள் போனதால் அவர்களும் இருந்தார்கள். படம் இல்லை, திரை இல்லை. அடியில் ஓட்டை போட்டுத் தகடு வைத்து அடைத்த ஒரு தகர டிரம், அது நிறைய ஈர நெல். அவ்வளவுதான்.

"அண்ணே, ஒங்க துண்டைக் குடுங்க" என்றேன்.

அண்ணன் வேண்டாவெறுப்பாகத் தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதன் நடுவில் ஒரு செங்கல்லை வைத்துச் சுருட்டிக் கட்டினேன். ஒரு முனையை நீளமாக விட்டேன். நெல்மேல் வைத்தேன். நான் எதுவும் விளக்கவில்லை, கீழே தகட்டை மட்டும் உருவச் சொன்னேன்.

நெல் சரசரவென்று இறங்கியது. துண்டு லேசாக ஆடியது. பிறகு நடுவில் குழி விழுந்தது, கட்டு சாய்ந்தது, சுற்றியிருந்த நெல் அதன்மேல் வந்து மூடிக்கொண்டே இருந்தது. யாராவது ஒரு பெருமூச்சு விடுவதற்குள் முனை மட்டும் வெளியே நின்றது. தகட்டை அடைக்கச் சொன்னேன்.

"இப்ப இழுங்க."

அண்ணன் ஒரு கையால் இழுத்தார், வரவில்லை. இரண்டு கையால் இழுத்தார். இடுப்புவரை நெல்லில் போய் வந்தாரே, அவரும் சேர்ந்து பிடித்தார். டிரம்மே அசைந்தது, துண்டு அசையவில்லை. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். துண்டு கிழிந்து, பாதி அவர் கையோடு வந்தது.

அண்ணன் கையிலிருந்த கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு நான் கேள்வி மட்டும் கேட்டேன். யார் உள்ளே போவது, இடுப்பில் கயிற்றை யார் கட்டுவது, மேலே யார் நிற்பது, என்ன சொல்லிக் கத்துவது. அவர்களே சொன்னார்கள், அவர்களே மறுத்தார்கள். ஷூ போட்டு நெல்லை மிதிக்க மாட்டோம் என்றார்கள், விட்டுக்கொடுத்தேன். கயிறு கட்டவும், மாட்டிக்கொண்டவரை இழுக்காமல் சுற்றிலும் பலகை செருகி நெல்லை வாரவும் சம்மதித்தார்கள். பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பதில் மட்டும் எவ்வளவு மன்றாடியும் நடக்கவில்லை. நிறுத்தினால் முதலாளி சத்தம் போடுவார் என்றார்கள். கத்துவதற்குச் சொல்லும் கிடைக்கவில்லை. எந்தச் சொல்லை எடுத்தாலும் நெல்லுக்கு ஆகாது. பெல்ட் இரைச்சலில் ஆம்பளைக் குரல் கேட்காது என்றும் ஒருவர் சொன்னார்.

"குலவை போட்டா கேக்குமே" என்றார் அண்ணி, சோற்றுத் தூக்கை மூடிக்கொண்டே.

ஆண்கள் சிரித்துவிட்டார்கள். நடவுக்குப் போடுகிற குலவையை ஆலையில் போடுவதா என்றார் ஒருவர். "ஏன், கேட்டதில்லையா நீங்க? நாலு வயக்காட்டுக்குக் கேக்கும்" என்று அண்ணி எழுந்து நின்று நாக்கைச் சுழற்றி ஒரு குலவை விட்டார். பெல்ட் சுவிட்ச்காரர் அங்கிருந்து தலையை நீட்டி என்னவென்று பார்த்தார். பேச்சு அதோடு முடிந்தது. குலவையில் சொல் இல்லை, நெல்லுக்கும் பிடித்த சத்தம். குலவை கேட்டால் யாரையும் கேட்காமல் சுவிட்ச்சை அணைத்து ஷட்டரை மூட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். அப்படியானால் மேலே நிற்பது பெண்கள்தான் என்றும் ஆயிற்று. "இனிமே பொண்டாட்டி காவல்லதான் வேலை பாக்கணும் போல" என்று அண்ணனைக் கிண்டல் செய்தார்கள். தினமும் காலையில் ஒரு தடவை குலவை போட்டு, பெல்ட் நிற்கிறதா என்று பார்த்துப் பழகினார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல் லாரிகள் வாசலில் வரிசையாக நின்றன. நான் முதலாளி அறையில், பெல்ட்டை நிறுத்தும் விஷயத்தை மறுபடியும் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது குலவை கேட்டது.

காலை ஒத்திகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. முதலாளி, "இப்ப எதுக்கு?" என்றார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நான் கதவைத் தாண்டுவதற்குள் பெல்ட் நின்றுவிட்டது. ஆலை முழுக்க ஓய்ந்துபோய், அண்ணியின் குலவை மட்டும் உயரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.

ஏணியில் நான் எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. துவாரத்தில் குனிந்து பார்த்தேன். அண்ணன் நெஞ்சுவரை நெல்லில் இருந்தார். கயிறு விறைத்து, மேலே கம்பியில் கட்டிய இடத்தில் முறுக்கேறி நின்றது. அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தம் வரவில்லை. மூச்சு விட்டால் அந்த இடத்தையும் நெல் பிடித்துக்கொள்கிறது என்று பிறகு சொன்னார். ஏறி வந்த ஒருவர் பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கை வைத்தார்.

"துண்டை நெனச்சுக்க" என்றார் இன்னொருவர். இழுக்கப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

அதைச் சொன்னது நான் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே தோன்றவில்லை. இரண்டு பேர் கயிறு கட்டிக்கொண்டு பலகைகளோடு இறங்கி, நெல் மேலும் சரியாதபடி அண்ணனைச் சுற்றிலும் பலகைகளைச் செருகி நிறுத்தினார்கள். உள்ளே இருந்த நெல்லைக் கூடையில் வாரி வாரி மேலே கொடுத்தார்கள். நாங்கள் வாங்கி வெளியே கொட்டினோம். மழையில் நெல் கீழே விழுந்துகொண்டிருந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. நெஞ்சு தெரிந்தது, இடுப்பு தெரிந்தது, முழங்கால் தெரிந்தது. அவ்வளவு நேரமும் அண்ணி நிறுத்தவில்லை. பெல்ட் நின்றுவிட்டது என்று தோளைப் பிடித்துச் சொன்னேன், அவருக்குக் காதில் ஏறவில்லை. மூச்சு வாங்குவார், மறுபடி குலவை போடுவார். அண்ணன் துவாரத்தில் கை வைத்து வெளியே வந்த பிறகுதான் அது அழுகையாக மாறியது.

மறுநாள் முதல் பெல்ட்டை நிறுத்தாமல் யாரும் இறங்கவில்லை. முதலாளி சத்தமும் போடவில்லை.

அந்தத் தைப்பொங்கலுக்கு எல்லாரும் அண்ணன் வீட்டில் இருந்தோம். வாசலில் அடுப்பு, புதுப் பானை, புதுநெல் அரிசி. பால் பொங்கி வழிந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்றாகக் குலவை போட்டார்கள். அண்ணி வாயைத் திறந்தார், குலவை வரவில்லை. குலவை கேட்டதும் அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து, பெல்ட்டை நிறுத்தப் போகிறவர் மாதிரி பாய்ந்து வந்தார். எரிகிற விறகை வெறும் கையால் இழுத்து வெளியே போட்டார். ஒரு குடம் தண்ணீரையும் அடுப்பில் கொட்டிவிட்டு, பிறகுதான் குனிந்து, தரையில் நிற்கிற தன் கால்களைப் பார்த்தார்.

குலவை பாதியில் நின்றுபோனது. பொங்கல் நாளில் அடுப்பை அணைப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதை வாயால் சொல்லவில்லை. அண்ணி உள்ளே போய்க் காய்ந்த விறகு எடுத்து வந்து, அண்ணன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, மறுபடியும் அடுப்பை மூட்டினார்.