பக்கத்துப் பல்கனியில் என் எண்ணெய் டின்

பாரிஸ் குளிரில் கறிவேப்பிலையை வளர்த்தெடுத்தவள் என்ற திமிர் எனக்கு. அதனால்தான் பக்கத்துப் பல்கனிப் பிரெஞ்சுக்காரர் தன் செடி மஞ்சளாகிறது என்றதும், என்ன செடி என்றே கேட்காமல் யோசனை சொன்னேன். வேர்விட இடம் வேண்டுமென்று எங்கள் நல்லெண்ணெய் டின்னையும் கொடுத்தேன்.

செடி கம்பிக்கு மேலே எழும்பியதும் பெருமையோடு கணவருக்குக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது.

"உமக்கென்ன விசரே? இது கஞ்சா! எங்கட பத்து வருச வதிவிடக் காட் புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்குது."

அன்றிலிருந்து பல்கனிக் கதவைத் திறக்கவில்லை. படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே விளக்கை அணைத்தேன்.

ஒரு காலை போலீஸ் எங்கள் கதவைத் தட்டியது. போலீஸ்காரர் கையில் செடி. தமிழ் எழுத்தோடு என் டின். பின்னால் அந்தப் பிரெஞ்சுக்காரர் நின்றார்.

"இவரைத் தெரியுமா?"

"தெரியாது," என்றேன், அவர் முகத்துக்கு நேரே.

"இந்த டின்?"

"அது..." என்று தொடங்கினேன்.

"ரூ பெர்தொனேயில் தமிழ்க் கடைக் குப்பையோடு கிடந்தது, எடுத்தேன்," என்று அவர் குறுக்கிட்டார். "இந்தப் பக்கம் எங்கும் கிடக்கும்."

எங்களுக்குக் காட் வந்துவிட்டது. அவரும் போலீஸிலிருந்து வீடு திரும்பிவிட்டார். முன்பெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இப்போது லிஃப்டில் கண்டால் "போன்ஜூர் மதாம்" மட்டும்தான். என் பொய்யை அவர் இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.