இருபத்திரண்டாவது சுற்று

அவரை எல்லோரும் 'சாவி' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுச் சாவியோ வண்டிச் சாவியோ இல்லை, இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. மேலே குறுக்காக ஒரு கைப்பிடி, அடியில் சதுரமாக ஒரு குழி. அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவர் வந்தால் தெருவுக்குத் தண்ணீர் வரும். தெருமுனைக் குழியின் மூடியைத் தூக்கி, கம்பியை உள்ளே விட்டு, வால்வைத் திறப்பார். நேரம் முடிந்ததும் மூடிவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார். முப்பத்தொரு வருஷமாக இதுதான் பிழைப்பு.

சாவிக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது. ஒருவர் இருவர் என்றால் பொறுத்துக்கொள்வார், கூட்டமாகப் பார்த்தால் முகம் சுளிக்கும். யாராவது தண்ணீர் போதவில்லை என்று வாயைத் திறந்தால் போதும், தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்ல எத்தனை உருப்படி?" என்று கேட்பார். ஏழு என்றோ எட்டு என்றோ பதில் வந்தால், "அப்ப பெத்தவங்களப் போய்க் கேளு, என்கிட்ட ஏன் கேக்கற?" என்பார். கேட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். தண்ணீர் திறப்பவனைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

அவர் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்தபோது மேட்டில் ஒரு தொட்டி, கீழே ஒன்பது தெரு. தினமும் தெருவுக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர். ஜனங்கள் நிரப்பி முடித்துவிட்டு, மிச்சம் போவது போகட்டும் என்று குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். இப்போது நாற்பத்தொரு தெரு. ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் இருபதே நிமிஷம். மனிதர்கள் குட்டி போட்டார்கள், வீடுகள் குட்டி போட்டன, தொட்டி மட்டும் போடவில்லை. அதே நான்கு லட்சம் லிட்டர், அதே பாசி. அதற்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிக் கிணற்றை மூன்று முறை ஆழப்படுத்தியாகிவிட்டது. மூன்றாவது முறை வந்ததைத் தண்ணீர் என்று சொல்வது மரியாதைக்காக. கலங்கலாக, முட்டை வாடையோடு ஏதோ ஒன்று வந்தது.

முன்பு ஒரு வீடும் ஒரு மரமும் இருந்த இடத்தில் இப்போது பதினெட்டுக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் இரண்டு குளியலறை. வாசலில் ஒருவன் குழாயைப் பிடித்துக் காரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பான். பெற்ற தாயை அவன் அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டான் என்று சாவி முணுமுணுத்துக்கொண்டே போவார்.

உலகத்தில் மனிதர்கள் எண்ணூறு கோடியைத் தொட்டுவிட்டார்கள் என்று அலுவலகத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நீரைக் காப்போம் என்று துணியில் எழுதிக் கட்டி, வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். பெரியவர்கள் வாய் கிழியப் பேசினார்கள். முடிந்ததும் பார்த்தால் நாற்காலிக்கு அடியில் எல்லாம் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்குதான் குறைந்திருந்தது. சாவி ஒவ்வொன்றாகத் திறந்து இரண்டு வாளியில் கொட்டினார். ஒன்றேமுக்கால் வாளி வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பேசியவரின் காருக்கு முன்னால் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். டிரைவர் அதை எடுத்துக் கார் கண்ணாடியைக் கழுவினானாம்.

சாவிக்குக் கடிகாரம் வேண்டாம், ஆனால் எண்ணிக்கை வேண்டும். வால்வு திறக்க இருபத்திரண்டு சுற்று, மூட இருபத்திரண்டு சுற்று. உதடு அசைய எண்ணிக்கொண்டே திருகுவார். நடுவில் யாராவது வணக்கம் சொன்னாலும் பதில் வராது. நாற்பது தெருவுக்கு இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அவர் குடியிருக்கும் தெருவுக்கு மட்டும் வேறு கணக்கு. திறக்க இருபத்தொன்று, மூடவும் இருபத்தொன்று; ஒரு சுற்று எப்போதும் மூடாமலே நிற்கும்.

அது மகள் பிறந்த வருஷத்தில் ஆரம்பித்தது. கைக்குழந்தை வீட்டில் எந்நேரமும் துணி அலசத் தண்ணீர் வேண்டும் என்று மனைவி கேட்டாள். ஒரு சுற்றை மூடாமல் விட்டார். நாள் முழுக்கக் குழாயில் விரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அப்போது தெருவில் ஆறே வீடு, தொட்டியில் மூழ்கும் அளவு தண்ணீர். யாருக்கும் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. குழந்தை வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போனாள். கை மட்டும் இருபத்தொன்றிலேயே நின்று பழகிவிட்டது. அதைத் தப்பு என்றோ சரி என்றோ அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆறு வீடு எழுபது கதவானது. எழுபது கதவுக்கும் தரைக்கடியில் தொட்டி கட்டினார்கள். அத்தனையும் இரவு பகலாக அந்த ஒரு சுற்றைக் குடித்துக்கொண்டிருந்தன.

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நாற்பத்தொன்றாவது தெரு குழாய்ப் பாதையின் கடைசியில் இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு இணைப்புக் கிடையாது, மொத்தத் தெருவுக்கும் ஒரு பொதுக்குழாய். அதற்கு எதிரே ஒரு தையற்காரி இருந்தாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். தண்ணீர் வரும் நாளெல்லாம் எத்தனை நிமிஷம் வந்தது என்று துணியில் கோடு போடும் சாக்கட்டியால் சுவரில் எழுதி வைப்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருபது. பிறகு பதினேழு, பதினான்கு, பத்து. இந்த வருஷம் ஒன்பதுக்கு மேல் ஏறவில்லை.

"வால்வு இருபது நிமிஷம் திறந்துதானே இருக்கு," என்றார் சாவி.

"வால்வு திறந்திருக்குண்ணே, தண்ணி வரலயே. முப்பது குடும்பம். ஒம்பது நிமிஷத்துல ஆளுக்கு ஒரு குடம்கூடத் தேறல. புள்ளைங்கள குளிப்பாட்டி நாலு நாள் ஆச்சு."

உருப்படிக் கணக்குக் கேட்க வாயெடுத்தார். சுவரைப் பார்த்ததும் அடங்கிவிட்டார். அந்தச் சுவரைப் போல ஒழுங்காகக் கணக்கு எழுதுகிறவர் தன் அலுவலகத்தில்கூட ஒருவரும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

யாரோ திருடுகிறார்கள் என்று முடிவு கட்டினார். இரண்டு வாரம் தெருத்தெருவாக மோப்பம் பிடித்தார். குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சிய ஏழு வீட்டைப் பிடித்தார். ஒரு வீட்டில் மோட்டாரைக் கட்டிலுக்கடியில் வைத்து மேலே போர்வை போட்டிருந்தார்கள். நோயாளி படுத்திருக்கிறார் என்று சொன்னார்கள். போர்வையை விலக்கியதும் மோட்டார் உறுமியது. சாவி அந்த வீட்டு வாசலிலேயே காறித் துப்பினார். "ஊர்த் தண்ணிய உறிஞ்சிக் குடிக்கிற அட்டைங்க," என்று தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஏழு மோட்டாரையும் பிடுங்கிய பிறகு தையற்காரியின் சுவரில் ஒன்பது பதினொன்றானது. பத்து நாளில் மறுபடி எட்டுக்கு வந்தது.

இதற்கிடையில் மகள் பிரசவமாகி வீட்டுக்கு வந்திருந்தாள். இரட்டை. "எண்ணூறு கோடி போதாதுன்னு நம்ம வீட்லேருந்தும் ரெண்டா?" என்று சாவி கேட்க, மனைவி கரண்டியைக் காட்டினாள். வெளியேதான் கடுகடு, உள்ளே இரண்டையும் ஆளுக்கொரு கையில் தூக்கிக்கொண்டு உலாத்தினார். கொல்லைப்புறக் கொடியில் இடமில்லாமல் குழந்தைத் துணிகள் தொங்கின.

கடைசித் தெருவைத் திறந்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவது அவர் வழக்கம். இருபது நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டுப் போய் மூடுவார். அன்று தட்டில் கை வைத்தபோது வாசலில் தையற்காரி நின்றாள். வெயிலில் ஓடி வந்ததில் முகமெல்லாம் வேர்வை.

"அண்ணே, நின்னுபோச்சுண்ணே. காத்துதான் வருது."

"உக்காரும்மா, வரேன்," என்றார் சாவி.

முற்றத்துக் குழாயில் துணி அலசிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "வாங்கக்கா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று ஒரு சொம்பைக் கழுவி, ஓடிக்கொண்டிருந்த குழாயிலேயே பிடித்து நீட்டினாள்.

தையற்காரி சொம்பை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. குழாயைப் பார்த்தாள்.

"உங்க தெருவுக்கு இன்னைக்கு எத்தனை மணிக்கும்மா முறை?"

"காலைல எட்டுக்கே வந்துட்டுப் போயிடுச்சே."

"அப்ப இது?"

"இதுவா? இது நிக்கவே நிக்காதுக்கா. நான் பொறந்ததுலேருந்து வந்துகிட்டுதான் இருக்கு," என்று மகள் சிரித்தாள். அவளுக்கு இது சூரியன் உதிப்பதைப் போல ஒரு சாதாரண விஷயம்.

தையற்காரி அண்ணாந்து சொம்பை ஒரே மூச்சில் குடித்தாள். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தவில்லை. சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இன்னைக்கு ஆறு நிமிஷம்ணே. சுவத்துல எழுதிட்டுத்தான் வந்தேன்," என்றாள். போய்விட்டாள்.

குழாய் ஓடும் சத்தம் முப்பது வருஷத்தில் முதல் முறையாகச் சாவியின் காதில் விழுந்தது. போர்வைக்கடியில் உறுமிய மோட்டார் நினைவுக்கு வந்தது. அது உறுமியது, இது சலசலத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தன் கையைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

தன் தெருமுனைக் குழியைத் திறந்து கம்பியை விட்டார். இருபத்திரண்டாவது சுற்று நகரவில்லை. முப்பது வருஷமாக வால்வின் கதவு உட்காராத இடத்தில் மணலும் துருவும் இறுகிக் கல்லாகியிருந்தன. வால்வுக்கே அந்தச் சுற்று மறந்துபோயிருந்தது. கைப்பிடியில் ஒரு நீளக் குழாயைச் சொருகி, முழுப் பலத்தையும் போட்டுத் தொங்கினார். உள்ளே ஏதோ நெரிபட்டது. கால் சுற்று, அரைச் சுற்று, முழுசாக உட்கார்ந்தது. சைக்கிளை மிதித்துக் கடைசித் தெருவுக்குப் போனார். பொதுக்குழாயில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு கொட்டியது. அன்றைக்கு அவர்களுக்கு நாற்பது நிமிஷம் விட்டார். தையற்காரி சுவரில் எழுதினாள், அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்துத் தன் தெருவுக்கு முறை வந்தபோது சாவி திருகினார். இருபத்திரண்டு, முப்பது, ஐம்பது என்று கம்பி சும்மா சுற்றியது. மரை தேய்ந்து கழன்றுவிட்டது. வால்வின் கதவு அடியில் இறுகிக் கிடந்தது. எழுபது கதவுக்கும் ஒரு சொட்டு இல்லை.

பொறியாளர் செல்போனைக் காதில் வைத்தபடியே குழிக்குள் எட்டிப் பார்த்தார். "பழைய வால்வு பெரியவரே. புதுசு வர ரெண்டு மாசம் ஆகும். மக்கள்தொகைப் பெருக்கத்தால ஏற்பட்ட தேய்மானம்னு எழுதிடறேன்."

"மக்கள்தொகை ஒண்ணும் பண்ணல சார். நான் பண்ணினது. முப்பது வருஷமா ஒரு சுத்து மூடாம விட்டேன்."

பொறியாளர் முதல் முறையாகப் போனை இறக்கினார். "அப்படி எழுதறதுக்குப் படிவத்துல இடம் இல்லையே," என்றார்.

லாரித் தண்ணீர் வரும் என்றார்கள், வரவில்லை. அக்கம்பக்கம் அவர் வீட்டு வாசலில் நின்று ஏசியது. "மரை கழண்டது வால்வுக்கா உங்களுக்கா? புள்ளைங்கள வெச்சுகிட்டு நான் என்ன செய்ய?" என்று மனைவி கேட்டாள். சாவி இரண்டு குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடைசித் தெருவில் வரிசை வளைந்து நின்றது. அவர் தெருக்காரர்களும் பாதிப்பேர் அங்கே வந்துவிட்டிருந்தார்கள். சாவி கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "எங்கேருந்துதான் வருதுங்களோ. கணக்கு வழக்கில்லாம பெருத்துப்போச்சு," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

குழாயடியில் தையற்காரிதான் குடம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஆள் எத்தனையோ அதற்குத் தகுந்த குடம். அவர் முறை வந்தபோது கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டு, எல்லோரையும் கேட்ட அதே குரலில் அவரையும் கேட்டாள்.

"வீட்ல எத்தனை உருப்படிண்ணே?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சொல்லச் சொன்னார்கள்.

"அஞ்சு," என்றார் சாவி. "அதுல ரெண்டு கைக்குழந்தை."

"குழந்தையும் கணக்குதான்," என்று சொல்லி அவள் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்தாள்.