படாளத்தைக் கூப்பிட்டவர்

திருப்போரூர் பக்கம் இருந்த எங்கள் அலுவலகத்தில் அவர்தான் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டார். அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகியபடி, ஈரத் தலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு ஐபி நம்பரும் பெயரும் கொடுப்பது அவர் வேலை. அதில் உட்காருகிறவரின் ஊரையே பெயராக வைத்துவிடுவார். நான் திருக்கழுக்குன்றம், அவர் செங்கல்பட்டு.

காலையில் வந்ததும், டீ குடிப்பதற்கு முன்பே, ‘படாளம்’ இருக்கிறதா என்று நெட்வொர்க்கில் கூப்பிட்டு, பிங் செய்து பார்ப்பார். பதில் வராது. படாளத்துப் பெண் கல்யாணமாகி துபாய்க்குப் போய்விட்டாள். அவளுடைய கம்ப்யூட்டரையும் எப்போதோ கழற்றி எடுத்தாயிற்று.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நம்பர் போதாமல் போன சமயத்தில் கேட்டேன்: “படாளம் சும்மாதான சார் கீது? ரிலீஸ் பண்ணிடுங்களேன்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பண்ணா, அந்த நம்பர்லேர்ந்து வேற யாராச்சும் பதில் குடுப்பாங்கம்மா. அதுக்கு, பதிலே வராம கீறது தேவல.”

பிறகு அவரும் வேலையை விட்டுப் போனார். அவருடைய மேஜை காலியானது, நெட்வொர்க் வேலை என் கைக்கு வந்தது. படாளத்தை முதல் நாளே ரிலீஸ் செய்தேன். செங்கல்பட்டை மட்டும் யார் கேட்டும் கொடுக்கவில்லை. காலையில் வந்ததும், டீ குடிப்பதற்கு முன்பே, ஒருமுறை பிங் செய்து பார்ப்பேன்.