ஒன்பதுக்கு எட்டு

2009 கோடையில் என் மகள் அனுப்பிய குறுஞ்செய்திகளில் சொல்லே இருக்காது. இரண்டு எண்கள் மட்டும் இருக்கும். '7 7' என்று ஒரு நாள், '11 11' என்று இன்னொரு நாள். முதல் எண் அன்று வைத்த வெடிகள். இரண்டாவது, காதில் கேட்ட வெடிகள்.

அவள் கனடாவின் மேற்குப் பக்கக் காடுகளில் தீயணைக்கும் குழுவில் இருந்தாள். புல்டோசர் ஏறமுடியாத சரிவுகளில் கயிறு போன்ற வெடிமருந்தை நிலத்தில் நீட்டி வைத்து வெடிக்க வைப்பார்கள். சருகும் வேரும் பறந்துபோய் வெறும் மண் தெரியும். எரிய ஒன்றும் இல்லாத அந்தக் கோட்டோடு தீ நின்றுவிட வேண்டும். ஒரு குழு அரை நாள் மண்வெட்டியால் கொத்துகிற வேலை கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும் என்றாள். நான் இருபத்தாறு வருடம் ஊரில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைத்தவன். இருந்தும் முதலில் நம்பவில்லை.

எண்களாக எழுதும் ஏற்பாடு என் மனைவியால் வந்தது. ஊரில் போர் முடிந்த அந்த வருடம், நாங்கள் வந்து குடியேறிய செவன் கிங்ஸில் எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தொலைபேசி என்றாலே பயம்.

"போனிலை அந்தச் சொல்லைச் சொல்லாதேங்கோ" என்றாள். "தமிழ் ஆக்கள், வெடிமருந்து, வெளிநாடு. மூண்டும் ஒண்டா வந்தால் நாளைக்கு வாசலிலை ஆர் வந்து நிப்பாங்கள் தெரியுமோ?"

"நெருப்பு அணைக்கிறதுக்குத்தானே வைக்கினம்!"

"அதை நீங்கள் அவங்களுக்கு விளங்கப்படுத்துவியள். நான் கிளிநொச்சிக்காரி, எனக்கு ஏலாது."

எண்களின் அர்த்தம் மட்டும் அவளுக்குத் தெரியாது. மகள் சுகமாக இருக்கிறாள் என்பதற்கு அடையாளம் என்று சொல்லி வைத்திருந்தேன். "உந்த நம்பரைப் பாத்து லொத்தர் சீட்டு எடுங்கோ" என்று பகிடி பண்ணுவாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழன் மாலை, ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, அவளுக்கு அங்கே காலை ஒன்பது பத்து, '9 8' என்று வந்தது.

மூன்று முறை பார்த்தேன். ஒன்று வெடிக்கவில்லை. எங்கள் குவாரியிலும் சட்டம் அதுதான்: முப்பது நிமிடம் யாரும் அசையக்கூடாது. பிறகு ஒருவர் மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். போகிறவர், அந்த வெடியை வைத்தவர். நான் என் வாழ்க்கையில் இரண்டு தடவை அப்படி நடந்து போயிருக்கிறேன். இரண்டு தடவையும் என் காலடிகளை எண்ணினேன். இன்றைக்கு அவள் எண்ணுவாள்.

உடனே அழைத்தேன். மணி போகவில்லை. மலைமுகட்டில் நின்றால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும். சரிவில் இறங்கினால் இல்லை. கணக்குப் போட்டேன். காத்திருக்க முப்பது, இறங்கப் பன்னிரண்டு, தேடப் பதினைந்து, ஏற இருபது. எழுபத்தேழு நிமிடம். ஆறு இருபத்தேழுக்கு அவள் திரும்ப முகட்டில் நிற்க வேண்டும்.

மனைவிக்குச் சொல்லவில்லை. பயத்தங்காயை வெட்டித் தரச் சொன்னாள். வெட்டினேன்.

"என்னப்பா இது, ஒண்டு விரல் நீளம், ஒண்டு நகத்தளவு? கறியோ, கம்பு அடுக்கிறியளோ?"

"கத்தி மொட்டையப்பா."

"கத்தியோ, நீங்களோ?"

ஆறு இருபத்தேழு வந்தது, போனது. வீதியில் போன கார்களை எண்ணத் தொடங்கி பதினாறோடு விட்டுவிட்டேன். எண்ணிக்கையை நடுவில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆறு நாற்பதுக்கு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். மனைவி கதவைத் தட்டினாள். "உள்ளுக்கை என்ன செய்யிறியள்?" என்று கேட்டாள். "முகம் கழுவுறன்" என்றேன். கழுவினேன்.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது.

"அப்பா, ஒன்பதும் வெடிச்சிட்டுது" என்றாள் மகள்.

குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "எட்டெல்லோ கேட்டது?"

"ஆறாவதும் ஏழாவதும் ஒண்டா வெடிச்சிருக்கு. ஒரு கல்லுக்கு மேலை ரெண்டு கயித்து நுனியும் முட்டிக்கொண்டு கிடந்திருக்கு. நான் கவனிக்கேல்லை. போய்ப் பாத்தால் ஏழாவது இடத்திலையும் வெறும் மண்."

"ஆர் போய்ப் பாத்தது?"

"நான்தான். நான் வைச்சதுக்கு வேறை ஆரை அனுப்பிறது? நீங்கள் அனுப்புவியளே?"

திறந்துவிட்டிருந்த தண்ணீரை மூடினேன். 

"ரெண்டு நுனிக்கும் நடுவிலை இடைவெளி விடத் தெரியாதோ உனக்கு? என்ரை குவாரியிலை எண்டால் ஒரு கிழமை வீட்டை அனுப்பியிருப்பன்."

"அனுப்புங்கோவன். வந்து அம்மான்ரை சமையலைச் சாப்பிடுறன்."

"ஏன் இவ்வளவு நேரம்?"

"புகை அப்பா. கண் தெரியேல்லை. முப்பது நிமிஷம் எண்டதை ஒரு மணித்தியாலம் ஆக்கிப்போட்டன். பொஸ் முறைச்சுக்கொண்டுதான் நிண்டவர். புகை கலையாமல் இறங்கமாட்டன் எண்டிட்டன்."

 அவள் பொறுத்திருந்த அந்த மேலதிக அரை மணித்தியாலத்துக்காக, நுனிகள் முட்டிய பிழையை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டேன்.

"நெருப்பு?"

"கோட்டுக்கு அங்காலை நிண்டிட்டுது. கொஞ்சம் பொறுங்கோ, விடிய எழும்பினதிலை இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

ஏதோ உறையைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள் ரொட்டியை மெல்லுகிற சத்தம். சின்னதிலிருந்தே வாயை மூடிச் சாப்பிடத் தெரியாத பிள்ளை. எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். அன்று தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் முழுவதையும் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.